மொட்டை மாடித் தலையணைக்கு முடிச்சு உறை

(வீட்டுக் கைவேலை: வாசகர் கேள்வி பதில்)

கேள்வி: திருவொற்றியூரில், கடலிலிருந்து இரண்டு தெரு உள்ளே இருக்கிறது எங்கள் வீடு. மொட்டை மாடியில் சிமென்ட் திண்ணை கட்டியிருக்கிறோம். சாயங்காலம் எல்லோரும் அங்கேதான் உட்காருவோம். சாய்ந்துகொள்ள 16 அங்குலச் சதுரத் தலையணை நான்கு வாங்கினேன். அதோடு வந்த ஜிப் வைத்த உறை ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜிப் துருப்பிடித்து இறுகிவிட்டது. வீட்டில் தையல் மிஷின் இல்லை. கையால் தைக்கலாம் என்றால் ஊசி கோர்க்கக் கண் போதவில்லை. தைக்காமலே உறை போட வழி உண்டா? எந்தத் துணி நல்லது?
ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: உண்டும்மா. உண்டு என்பது மட்டுமில்லை, வெளியில் போடுகிற தலையணைக்குத் தைக்காத உறைதான் பொருத்தம் என்பேன். 22 வருஷம் ஏற்றுமதி ஆடைக் கம்பெனியில் செக்கிங் மேஜைக்கு முன்னால் நின்றவள் நான். தையலின் அருமை தெரிந்தே இதைச் சொல்கிறேன். தைத்த இடத்தில் துணி இரண்டு மூன்று மடிப்பாக இருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் அந்த மடிப்பு மட்டும் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பூஞ்சைக் கறுப்பு முதலில் விழுவது அங்கேதான். ஊசி இறங்கிய துளை ஒவ்வொன்றும் மழைத் தண்ணீருக்கு ஒரு வாசல். ஜிப் கதையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஜன்னல் கொக்கியையே தின்றுவிடுகிற உப்புக் காற்றுக்கு ஜிப் ரன்னர் எம்மாத்திரம்?

அடுத்தது அழுக்கு. பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடிக் கைப்பிடிச் சுவரைக் காலையில் துடைத்துவிட்டுச் சாயங்காலம் விரலால் தேய்த்தால் கறுப்பு ஒட்டும். துறைமுகத்துக்குப் போகிற லாரி, வருகிற லாரி எல்லாம் நம் பக்கமாகத்தானே ஓடுகின்றன. உங்கள் வீட்டுக்கு அதோடு கடல் உப்பும் சேர்கிறது. வாராவாரம் கழற்றித் துவைக்காவிட்டால் அந்தத் தலையணையில் முகம் வைக்க முடியாது. வாராவாரம் கழற்ற வேண்டிய உறை என்றால், கழற்றுவது ஒரு வேலையாகவே தெரியக்கூடாது. முடிச்சு உறையை அவிழ்த்தால் கையில் மிஞ்சுவது ஒரு சதுரத் துணி, அவ்வளவுதான். மூலை முடுக்கு இல்லை, உள்பக்கம் வெளிப்பக்கம் இல்லை. கொடியில் விரித்துப் போட்டால் ஒரே சீராகக் காயும்.

துணிக்கு வருகிறேன். முதல் சிபாரிசு லுங்கி. மூட்டாத லுங்கி என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நாலு கடை ஏறி இறங்கினால் விதவிதமாகக் கிடைக்கும். இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒன்றைச் சரிபாதியாக வெட்டினால் இரண்டு தலையணைக்கு ஆகும். உங்களுடைய நான்குக்கு இரண்டு லுங்கி போதும். சுத்தப் பருத்தி கைக்கு இதம், முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஈரத்தில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியஸ்டர் கலந்தது அதைவிட நாள் தாங்கும், சட்டென்று காயும். நைலான் வேண்டாம், பாலியஸ்டர் தாங்குகிற வெயிலை அது தாங்காது, இற்றுப்போகும். பழைய சிந்தெட்டிக் சேலை இருந்தால் அதற்குக் காசே இல்லை. 45 அங்குல அகலமுள்ள ஐந்தரை மீட்டர் சேலையில் நான்கு சதுரம் வெட்டிய பிறகும் ஒரு துண்டு மிஞ்சும். ஜார்ஜெட் மட்டும் எடுக்காதீர்கள். முடிச்சில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே வரும்.

எந்தத் துணியானாலும் ஒரு தடவை நனைத்துத் துவைத்துக் காயவைத்து, அதன் பிறகே கத்தரியை எடுங்கள். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும். முன்னால் வெட்டிவிட்டால் பின்னால் முடிச்சுக்குத் துணி எட்டாது. கம்பெனியில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

16 அங்குலத் தலையணைக்கு 40 அங்குலச் சதுரம் வேண்டும். ஒன்றிரண்டு குறைந்தாலும் பாதகமில்லை, 36-க்குக் கீழே போகாதீர்கள். துணியைக் கவிழ்த்துத் தரையில் விரியுங்கள். தலையணையை நடுவில், துணியின் மூலைகள் தலையணையின் பக்கங்களைப் பார்க்கும்படி கொஞ்சம் திருப்பி வையுங்கள். கோலத்தில் பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டத்தைச் சாய்த்துப் போடுவோமே, அந்த மாதிரி. உங்கள் பக்கத்து மூலையைத் தூக்கித் தலையணை மேல் போட்டு, முனையை அடியில் செருகுங்கள். எதிர் மூலையையும் அதேபோல் இழுத்துப் போட்டுச் செருகுங்கள். இனி இடமும் வலமும் இரண்டு மூலை பாக்கி இருக்கும். அவற்றின் அடிப்பாகத்தைத் தலையணையின் ஓரத்தோடு ஒட்டி, அஞ்சறைப் பெட்டிக்குப் பரிசுக் காகிதம் சுற்றினால் எப்படி மடிப்போமோ அப்படி உள்பக்கமாக மடித்து, ஒரு கைப்பட்டி அகலத்துக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்படாமல் உள்ளங்கையால் நீவுங்கள். இங்கே நீவுகிற நீவல்தான் உறையின் அழகு. இரண்டையும் நடுவில் கொண்டுவந்து முடியுங்கள். முடிச்சுக்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் நாலைந்து அங்குலம் மிச்சமிருக்கும். அதைச் சின்னப் பூவாக விரித்து விடலாம், மடிப்புக்குள் செருகியும் விடலாம். சாய்ந்தால் முதுகில் உறுத்தும் என்பவர்கள் முடிச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளலாம்.

முடிச்சு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வையுங்கள். என் நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். மதியச் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டம்போட்ட துண்டின் நடுவில் வைத்து, மூலைகளைச் சேர்த்து அவர் போடுகிற முடிச்சை நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். முதல் தடவை வலதை இடதின் மேல் போட்டுச் சுற்றுவார். இரண்டாம் தடவை இடதை வலதின் மேல். இரண்டு தடவையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பிக்கொள்ளும், இழுக்க இழுக்க நெகிழும். மாற்றிப் போட்டால் இரண்டு வாலும் துணியோடு ஒரே கோட்டில் படுத்துக்கொள்ளும், சாயச் சாய இறுகும். அவிழ்ப்பதற்கும் நகம் வேண்டாம். ஒரு வாலை மட்டும் பிடித்து அது வந்த திசைக்கு எதிராக வெடுக்கென்று இழுங்கள். முடிச்சு உருண்டு கழன்று கையோடு வந்துவிடும். நைனா ஒற்றைக் கையால் அவிழ்ப்பார். மற்றக் கையில் அவருக்கு எப்போதும் எனக்கென்று ஏதாவது இருக்கும்.

இதில் ஊர்ப்பாசமும் எனக்கு உண்டு. நம் பேட்டைகள் துணியால் பிழைத்த பேட்டைகள். அந்தக் காலத்துக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றிய துணியை வெளுத்தவர்கள் குடியிருந்ததால்தான் எங்கள் பகுதிக்கு வண்ணாரப்பேட்டை என்று பெயர். உங்கள் ஊர்ப் பக்கத்துக் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடிவைத்த இடம். காலெட் பேட்டைதான் வாய்வழக்கில் காலடிப்பேட்டை ஆனது. இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய கட்டம்போட்ட சதுரத் துணி, 'மெட்ராஸ் கைக்குட்டை' என்ற பெயரோடு மேற்கு ஆப்பிரிக்கா வரைக்கும், கரீபியன் தீவுகள் வரைக்கும் போனது. அங்கே பெண்கள் அதைத் தைக்கவில்லை. தலையில் சுற்றி முடிந்துகொண்டார்கள். நீங்கள் லுங்கித் துணியைச் சதுரமாக வெட்டி முடியும்போது அதே காரியத்தைத்தான் செய்கிறீர்கள்.

வெட்டிய ஓரம் நூல் பிரியுமே என்று கேட்பீர்கள். லுங்கியில் இரண்டு பக்கம் கரை இருக்கிறது, அது பிரியாது. அந்தக் கரை அமையும்படி வெட்டினால் இரண்டு ஓரம்தான் கவலை. அதில் அரை அங்குலத்துக்குக் குறுக்கு நூலை ஒவ்வொன்றாக உருவி விடுங்கள். குஞ்சம் மாதிரி நிற்கும், அதற்கு மேல் சுலபத்தில் பிரியாது. சிந்தெட்டிக் சேலை என்றால் கொளுத்திய ஊதுபத்தி முனையை ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். இழை உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகள் இருக்க வேண்டாம். பருத்தியில் இதைச் செய்யவே கூடாது, அது உருகாது, பற்றிக்கொள்ளும்.

முடிச்சே வேண்டாம், வழவழவென்று இருக்க வேண்டும் என்றால் தையல் சாமான் கடையில் ஹெம்மிங் டேப் கேளுங்கள். இஸ்திரிச் சூட்டில் உருகி இரண்டு துணியையும் ஒட்டுகிற டேப் அது. 17 அங்குல அகலம், 39 அங்குல நீளத்துக்குத் துணி எடுத்து, இரண்டு குறுகிய ஓரத்தையும் ஓர் அங்குலம் மடித்து ஒட்டுங்கள். பிறகு நல்ல பக்கம் உள்ளே இருக்க, இரண்டு முனையும் நடுவில் ஐந்து அங்குலம் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி மடித்து, பக்கவாட்டு ஓரங்களை ஒட்டித் திருப்பினால் தபால் உறை மாதிரி வரும். ஈரத்துணி மேலே போட்டு இஸ்திரிப் பெட்டியை அழுத்தி வைத்து எடுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. ஒட்டிய பிறகு ஒரு நாள் தண்ணீர் காட்டாதீர்கள். பல தடவை துவைத்தால் ஓரம் விடும், மறுபடி ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். குளூ கன் பசை மாடிக்கு உதவாது. சித்திரை வெயிலில் இளகிவிடும். மரத்துக்குப் போடுகிற வெள்ளைப் பசை தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும்.

கேள்வி: என் மாமனாருக்கு 80 வயது. ராயபுரத்தில் எங்கள் பழைய வீட்டுத் திண்ணையில் திண்டு போட்டுச் சாய்ந்துதான் பேப்பர் படிப்பார். திண்டு உருளையாக இருப்பதால் எந்த உறையும் சரியாக உட்காரவில்லை.
வாசகி, ராயபுரம்

பதில்: மிட்டாய்க் காகிதம் சுற்றுகிற மாதிரி சுற்றிவிடுங்கள். 24 அங்குல நீளம், 8 அங்குலக் குறுக்களவு உள்ள திண்டுக்கு 44-க்கு 38 அங்குலத் துணி சரியாக இருக்கும். சுற்றின மிச்சம் ஒன்றன் மேல் ஒன்று கையகலத்துக்கு மேலே ஏறி நிற்கும். அந்த ஓரம் அடியில் போகும்படி வைத்தால் அவர் பாரமே அதைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் துணியைக் கொசுவி, பாவாடை நாடாவால் கட்டுங்கள். நாடாவைப்போல ஒரு கட்டுப்பொருள் கிடையாது. நைலான் கயிறு முடிச்சில் வழுக்கும், ரப்பர் பேண்ட் வெயிலில் அறுந்துபோகும். நாடா நனைந்தால் இன்னும் இறுகிப் பிடிக்கும். சுருக்கு முடிச்சாகப் போடுங்கள், வாலை இழுத்தால் அவிழும். வால் நீளமாகத் தொங்க வேண்டாம். எழுந்திருக்கும்போது பெரியவர் விரலில், செருப்பில் சிக்கினால் ஆபத்து. கொசுவத்துக்குள் செருகிவிடுங்கள்.

அவருக்குப் பருத்தியே போடுங்கள். வயதானவர்கள் தோல் மெலிந்திருக்கும். ரெக்சின், பிளாஸ்டிக் எல்லாம் வியர்வையில் முதுகோடு ஒட்டி இழுக்கும்.

கேள்வி: கல்யாண பேனர், பிறந்தநாள் பேனர் என்று எங்கள் தெருவில் ஃப்ளெக்ஸ் நிறையக் கிடைக்கிறது. மழைக்குத் தாங்குமே, தலையணைக்கு உறையாகச் சுற்றலாமா? அரிசிச் சாக்கும் இருக்கிறது.
வாசகர், பெரம்பூர்

பதில்: மேலே வேண்டாம், தம்பி. ஃப்ளெக்ஸ் மதிய வெயிலில் தோசைக்கல் மாதிரி கொதிக்கும், காற்றும் புகாது, உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வராமல் பஞ்சு அழுகும். தலையணைக்கு அடியில், திண்ணைச் சிமென்டுக்கு மேல் விரிப்பாகப் போடுங்கள். சிமென்ட் உறிஞ்சி வைத்திருக்கிற ஈரம் பஞ்சில் ஏறாது. அரிசிச் சாக்கு வெயிலில் சில மாதத்தில் பொடிப்பொடியாக உதிரும். அந்தத் துகள் குழந்தைகள் வாயில் போகும், வேண்டவே வேண்டாம்.

கேள்வி: முடிச்சுக்குப் பதிலாக ஊக்கு குத்தி உறை போட்டேன். வெள்ளைத் துணியில் பழுப்புக் கறை. போகுமா?
வாசகி, எண்ணூர்

பதில்: இதே தப்பை நானும் செய்தேன். தங்கை வீட்டு விசேஷத்துக்கு மாடியில் பாய் விரித்து, வெள்ளை வேட்டித் துணியைத் தலையணைகளுக்குச் சுற்றிப் பின்பக்கம் வரிசையாக ஊக்கு குத்தினேன். அழகாகத்தான் இருந்தது. கழற்ற மறந்து நான்கு நாள் விட்டேன். ஐந்தாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு ஊக்கின் கீழேயும் மிளகாய் விதை அளவுக்குப் பழுப்புப் புள்ளி. அது போனால் போகட்டும், திறந்துகொண்ட ஒரு ஊக்கு பேரனின் தோளில் கீறியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. அன்றிலிருந்து எங்கள் மாடியில் எந்தத் தலையணையிலும் ஊக்கு கிடையாது. நீங்களும் எடுத்துவிடுங்கள்.

கறைக்கு எலுமிச்சம்பழச் சாற்றைப் பிழிந்து, கல்லுப்பைப் பொடித்து மேலே தூவி வெயிலில் வையுங்கள். காய்ந்துபோனால் இன்னும் கொஞ்சம் சாறு. பிறகு நிறையத் தண்ணீரில் அலசுங்கள். பழைய கறை என்றால் இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். வெள்ளைத் துணிக்கு மட்டும்தான் இது. சாயத் துணியானால் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போடவே கூடாது. கறை இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும்.

நீங்கள் எண்ணூர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். கரித்தூள் படிந்த உறையை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். முதலில் கொடியில் போட்டுத் தட்டி உதறுங்கள், பழைய பிரஷ்ஷால் ஒரே திசையில் தள்ளுங்கள். ஈரத்தோடு தேய்த்தால் கரி நூலுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கேள்வி: உறை சரி, உள்ளே பஞ்சு நனைந்துவிட்டால்? ஐப்பசி மழைக்கு எதுவும் தாங்குமா?
வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: தாங்காது. வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன், வடகிழக்குப் பருவமழையில் மாடியில் கிடக்கிற தலையணையை எந்த உறையும் காப்பாற்றாது. அக்டோபர் பிறந்ததும் உள்ளே எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டுபோய்க் கொண்டுவாருங்கள். மார்கழிப் பனிக்கும் அப்படித்தான். இருட்டின பிறகு வெளியே கிடந்தால் காலையில் பிழிந்தால் சொட்டும் போலிருக்கும்.

திடீர்த் தூறலுக்கு வழி இருக்கிறது. கம்பி ஒடிந்த பழைய ஆண்கள் குடை வீட்டில் இருக்குமே, அந்தத் துணியை உள்உறையாக்குங்கள். முனைகளைக் கம்பியிலிருந்து கழற்றி, உச்சியில் இருக்கிற குமிழைத் திருகி எடுத்தால் துணி முழுசாக வந்துவிடும். நடுவில் இருக்கிற ஓட்டையை, இன்னொரு குடைத் துணியில் வட்டமாக வெட்டித் துணிப் பசையால் ஒட்டி அடையுங்கள். தலையணையின் முன்பக்கத்துக்கு அதைத் தொப்பி மாதிரி மாட்டி, எட்டு முனையிலும் ஒரு துளை போட்டு, நாடாவைக் கோத்துப் பின்பக்கம் சுருக்கிக் கட்டுங்கள். பின்னால் நடுவில் கொஞ்சம் திறப்பு இருக்கும், இருக்கட்டும். உள்ளே இருக்கிற புழுக்கம் வெளியேறுவதற்கு அது வேண்டும். இதற்கு மேல் லுங்கித் துணியை முடிந்துவிட்டால் குடை இருப்பதே தெரியாது.

மீறி நனைந்தால், உள்ளே இருப்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டும். ஃபோம் என்றால் முறுக்கக்கூடாது, கிழியும். இரண்டு உள்ளங்கையால் அமுக்கித் தண்ணீரை எடுத்து, காற்றோட்டமான நிழலில் ஓரத்தில் நிறுத்தி வையுங்கள். நேர் வெயிலில் ஃபோம் மஞ்சளாகிப் பொடியும். ரெக்ரான் என்கிற பாலியஸ்டர் நார் வெயிலில் நன்றாகக் காயும். இலவம்பஞ்சில் இயல்பாகவே ஒரு மெழுகுத்தன்மை உண்டு, சட்டென்று தண்ணீர் குடிக்காது. நனைந்துவிட்டால் வெயிலில் போட்டு, மணிக்கொரு தரம் திருப்பித் தட்டுங்கள். பருத்திப் பஞ்சுதான் பாவம், கட்டி கட்டியாகிவிடும். பஞ்சு அடிக்கிறவரிடம் கொடுத்து அடித்தால்தான் பழையபடி வரும். காய்ந்த பிறகும் மூக்கை வைத்தால் மக்கல் வாடை வருகிறதா, யோசிக்காமல் அந்தப் பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.

குடைக் கம்பியைக் குப்பையில் போடாதீர்கள், கூட்டுகிறவர் கையைக் கிழிக்கும். கட்டி வைத்துக் காயலான் கடையில் கொடுத்துவிடுங்கள்.